காது மடலிலிருந்து மூக்கு நுனி வரை: ஜாடையை எண்ணிப் பார்க்கும் புள்ளியியல்

பள்ளி அறிவியல் வகுப்பில் காது மடலைத் தொட்டுப் பார்த்தது பலருக்கும் நினைவிருக்கும். மடலின் அடிப்பகுதி கன்னத்தோடு ஒட்டியிருந்தால் ஒடுங்கு பண்பு, தனியாகத் தொங்கினால் ஓங்கு பண்பு. ஒரே மரபணு, இரண்டே வடிவம், மெண்டலின் பட்டாணிச் செடி மாதிரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் காதைப் பார்த்தால் குழப்பம் வந்துவிடும். முழுக்க ஒட்டியும் இருக்காது, தொங்கவும் செய்யாது. நடுவில் எங்கோ நிற்கும். ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம்.

2017-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பாடத்தைக் கலைத்துப் போட்டது. 74,660 பேரின் காதையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்ததில், மடல் ஒட்டுவதோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் 49 இருப்பது தெரிந்தது. அந்தப் பையனின் நடுத்தரக் காதுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. இத்தனை இடங்கள் சேர்ந்து முடிவு செய்யும் ஒரு வடிவம் இரண்டே கட்டத்துக்குள் அடங்காது.

இப்படி எண்ணிச் சொல்லும் துறைதான் புள்ளியியல் மரபியல். அதில் மனிதத் தோற்றத்தை, அதாவது உயரம், தோல் நிறம், முடி, கண், மூக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வேலை செய்யும் குழுக்களில் பெரும் பாரத்தைச் சுமப்பவர்கள் போஸ்ட்டாக்குகள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, நிரந்தர வேலை கிடைக்கும் முன்பு, இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவர்கள். "மூக்குக்கான மரபணு கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் ஒரு வரியாக வந்து போவதற்குப் பின்னால் இவர்களுடைய சில வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களில் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தத் தலைப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் பிடிபடும்.

கதை உயரத்தில் தொடங்குகிறது. 1886-ல் ஃபிரான்சிஸ் கால்டன் 205 பெற்றோர் ஜோடிகளின் உயரத்தையும், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் திரட்டி ஒப்பிட்டார். ஆண், பெண் உயரத்தை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரப் பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கிக்கொண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் ஊர்ச் சராசரியைவிட உயரமாக இருந்தார்கள். ஆனால் பெற்றோர் அளவுக்கு வளரவில்லை. இந்தப் பின்வாங்கலுக்கு அவர் வைத்த பெயர்தான் இன்று புள்ளியியல் படிக்கும் எல்லோரும் கற்கும் ரெக்ரஷன்: ஒன்று கூடினால் மற்றொன்று சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக் குறையும் உயரத்தை, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் மெண்டலின் மரபணு எப்படித் தர முடியும் என்று அப்புறம் பல வருடம் சண்டை நடந்தது. 1918-ல் ரொனால்டு ஃபிஷர் அதைத் தீர்த்து வைத்தார். மரபணுக்கள் பல, ஒவ்வொன்றும் மெண்டல் விதிப்படியே நடக்கும், ஒவ்வொன்றும் ஒரு துளி கூட்டும் அல்லது குறைக்கும், எல்லாம் சேர்ந்தால் உயரம் தொடர்ச்சியாகத்தான் தெரியும்.

இதே கால்டன்தான் 1883-ல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லையும் உருவாக்கினார். 'நல்ல' மனிதர்களைப் பெருக்குவோம், மற்றவர்களைக் குறைப்போம் என்ற அந்தச் சிந்தனை இருபதாம் நூற்றாண்டில் செய்த கொடுமைகளை நாம் அறிவோம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2020-ல் தன் விரிவுரை அரங்கத்திலிருந்து கால்டன் பெயரை எடுத்தது. நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மனிதத் தோற்றத்தை அளக்கும் வேலைக்கு இப்படி ஒரு பழைய கறை இருக்கிறது. இன்று இதைச் செய்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

சரி, இன்றைய முறைக்கு வருவோம். நம் டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். பெரும்பாலானவை எல்லோருக்கும் ஒன்றே. ஆளுக்கு ஆள் மாறும் இடங்களில் ஏழு லட்சம் போல ஒரு சிப்பில் வைத்துப் படித்துவிடலாம். அதற்கு எச்சில் அல்லது ரத்தம் சிறிதளவு போதும். பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இங்கே இந்த எழுத்து உள்ளவர்களுக்கு மூக்கு சராசரியாக அகலமா? கால்டனின் அதே ரெக்ரஷன்தான், ஏழு லட்சம் முறை.

ஆபத்தும் அங்கேதான். வழக்கமான ஆய்வில், தற்செயலாக இப்படி நடக்க 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு என்றால் அதை முடிவாக ஏற்பார்கள். ஏழு லட்சம் கேள்விக்கு அதே அளவுகோலை வைத்தால், மூக்குக்கும் டிஎன்ஏவுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் 35,000 இடங்கள் 'கிடைத்துவிட்டது' என்று கை தூக்கும். அதனால் இந்தத் துறையில் வாசல் மிகக் குறுகல். தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்கும் கீழே இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதற்கும் பிறகு வேறொரு ஊர் மக்களிடம் அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பார்கள்.

வாசல் இவ்வளவு குறுகினால் எத்தனை பேர் வேண்டும்? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதலாவது சாலமன் தீவுகள். பசிபிக் கடலில், கறுத்த தோலுள்ள மக்கள் வாழும் அந்தத் தீவுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பொன்னிற முடி. ஐரோப்பிய மாலுமிகளின் கலப்பு என்றும், வெயில், உப்புநீர், மீன் உணவு என்றும் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் போஸ்ட்டாக்காக இருந்த ஷான் மைல்ஸ் இந்தக் கேள்வியைப் பிடித்தார். அங்கேயே போஸ்ட்டாக்காக இருந்த ஈமர் கென்னி முதல் ஆசிரியராக 2012-ல் கட்டுரை வந்தது. பொன்முடிக்காரர்கள் 43 பேர், கருமுடிக்காரர்கள் 42 பேர். மொத்தம் 85 பேரின் டிஎன்ஏ போதுமானதாக இருந்தது. டிஒய்ஆர்பி1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் ஐரோப்பாவில் இல்லை. மாலுமிக் கதை அத்தோடு முடிந்தது. பொன்முடி அந்தத் தீவு மக்களின் சொந்தச் சொத்து.

இரண்டாவது உயரம். 2010-ல் 1,83,000 பேரை வைத்துப் பார்த்ததில் 180 இடங்கள் கிடைத்தன. எல்லாம் சேர்ந்தும் ஆளுக்கு ஆள் உயர வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் விளக்கின. 2022-ல் சுமார் 54 லட்சம் பேர் வரை போனார்கள். 12,111 எழுத்து மாற்றங்கள் கிடைத்தன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உயர வித்தியாசத்தில் சுமார் 40 சதவீதத்தை அவை விளக்கின.

85 பேர், 54 லட்சம் பேர். இரண்டு விடைக்கும் நடுவில் இருப்பது விளைவின் பருமன் மட்டுமே. ஒரு எழுத்தே முடியின் நிறத்தைத் தூக்கி நிறுத்தும்போது, கூட்டம் சிறிதானாலும் அது கண்ணில் பட்டுவிடும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்குள் தள்ளும் எழுத்துகளைப் பார்க்க ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகை வேண்டும். முகம் இந்த இரண்டாம் வகை. மூக்கு, தாடை, உதடு என எதை எடுத்தாலும் ஒரு தனி எழுத்தின் பங்கு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

முகத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயரத்தை அளக்க ஒரு நாடா போதும். முகத்தை எதால் அளப்பது?

கேண்டெலா என்ற லத்தீன் அமெரிக்கக் கூட்டாய்வை எடுத்துக்கொள்வோம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆந்த்ரேஸ் ருயிஸ் லினாரெஸ் தலைமையில் நடந்தது. பிரேசில், சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய ஐந்து நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். ஒவ்வொருவரையும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்தார்கள். பிறகு யாராவது ஒருவர் உட்கார்ந்து, படம் படமாகப் பார்த்துப் புருவத்தின் அடர்த்தி, தாடியின் அடர்த்தி, காது மடலின் ஒட்டல், மூக்கு நுனியின் சாய்வு என்று மதிப்பெண் போட வேண்டும். அதே ஆள் சில நாள் கழித்து அதே படத்துக்கு அதே மதிப்பெண் போடுகிறாரா என்றும் சோதிக்க வேண்டும். போடவில்லை என்றால் அந்த அளவையே கைவிட வேண்டியதுதான். புருவத்தைத் திருத்திக்கொண்டவர்களையும் முடிக்குச் சாயம் பூசியவர்களையும் என்ன செய்வது என்பதற்கும் விதி எழுத வேண்டும். என் பார்வையில் இந்தத் துறையின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. அளவு தப்பாக இருந்தால் அதன்மேல் எத்தனை லட்சம் ரெக்ரஷன் ஓட்டினாலும் பயனில்லை.

இந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. கேண்டெலாவின் 2015, 2016 கட்டுரைகளில் முதல் ஆசிரியர் கௌஸ்துப் அதிகாரி, இந்தியாவிலிருந்து போன புள்ளியியலாளர். 2016-ல் முடி நரைப்பதோடு ஐஆர்எஃப்4 மரபணுவும், அடர்ந்த புருவத்தோடு ஃபாக்ஸ்எல்2 மரபணுவும், இரண்டு புருவமும் நடுவில் சேர்வதோடு பாக்ஸ்3 மரபணுவும் தொடர்புள்ளவை என்று வெளியிட்டார்கள். அதே வருடம் மூக்குக்கும் நான்கு மரபணுக்கள் கிடைத்தன. டிசிஎச்எஸ்2 நுனியின் சாய்வுக்கு, ரன்எக்ஸ்2 தண்டின் அகலத்துக்கு, ஜிஎல்ஐ3, பாக்ஸ்1 இரண்டும் நாசித் துவாரப் பகுதியின் அகலத்துக்கு. இவற்றில் சில எலும்பும் குருத்தெலும்பும் வளர்வதை ஆளும் மரபணுக்கள் என்பது ஏற்கெனவே தெரியும். புள்ளியியல் கை காட்டிய இடமும் உயிரியல் எதிர்பார்த்த இடமும் ஒன்றாக அமையும்போது நம்பிக்கை கூடுகிறது. 2023-ல் இதே குழு மதிப்பெண் போடும் வேலையைக் கணினிக்குக் கொடுத்தது. சாதாரணப் புகைப்படத்தில் கணினியே புள்ளிகளை வைத்து, அவற்றுக்கு இடையிலான தூரங்களை அளந்தது. 33 புதிய இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில், மூக்கின் உயரத்தைக் கூட்டும் டிஎன்ஏ துண்டு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது.

எடார் மரபணுவைச் சொல்லாமல் போக முடியாது. கிழக்கு ஆசியர்களிடமும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் பரவலாக இருக்கும் ஓர் எழுத்து மாற்றம் அதில் உண்டு. 2013-ல் அந்த மாற்றத்தை எலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். எலியின் முடி தடித்தது, வியர்வைச் சுரப்பிகள் பெருகின. அதே மாற்றம் மனிதரில் தடித்த நேரான முடிக்கும், மண்வெட்டி போல உட்புறம் குழிந்த முன்பல்லுக்கும், கேண்டெலா ஆய்வின்படி காதின் வடிவத்துக்கும் தாடையின் துருத்தலுக்கும் காரணங்களில் ஒன்று. முடிக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று மரபணுக்கள் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. அதனால் 'மூக்கு மரபணு' என்று எழுதுவதே சரியில்லை.

இனி வருவதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. லத்தீன் அமெரிக்காவில் ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், பூர்வகுடிகள் என்ற மூன்று மூதாதையரும் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கிறார்கள். பூர்வகுடிப் பங்கு அதிகமுள்ளவருக்குச் சராசரியாக ஒரு மாதிரி மூக்கு, ஐரோப்பியப் பங்கு அதிகமுள்ளவருக்கு வேறு மாதிரி. அதே சமயம் இந்த இரு கூட்டத்துக்கும் நடுவில் லட்சக்கணக்கான எழுத்துகளும் வேறுபடுகின்றன; அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் மூக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டால் எல்லா எழுத்தும் மூக்கோடு 'தொடர்பு' காட்டும். பாடத்தில் இதற்கு ஓர் உதாரணம் சொல்வார்கள். ஒரு நகரத்தில் குச்சியால் சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் டிஎன்ஏவில் ஒப்பிட்டால் 'குச்சியால் சாப்பிடும் மரபணு' கிடைத்துவிடும். கிடைத்தது உண்மையில் சீன வம்சாவளியின் அடையாளம் மட்டுமே.

இதைத் தவிர்க்க, ஒவ்வொருவரின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் பார்த்து வம்சாவளிக் கலப்பைச் சில எண்களாகச் சுருக்கி, அவற்றையும் ரெக்ரஷனில் சேர்த்துவிடுவார்கள். 2006-லிருந்து இது வழக்கம். கலப்பைக் கழித்த பிறகும் ஓர் எழுத்து மூக்கோடு சேர்ந்து நின்றால்தான் அதற்கு மதிப்பு.

கழித்தது போதுமா? துறையையே உலுக்கிய கேள்வி இது. வட ஐரோப்பியர் தென் ஐரோப்பியரைவிட உயரம். உயரம் கூட்டும் எழுத்துகள் வடக்கில் அதிகம், இயற்கைத் தேர்வே அவற்றைப் பெருக்கியிருக்கிறது என்று 2012-லிருந்து கட்டுரைகள் வந்தன. பலரும் அதை நிலைநாட்டப்பட்ட உண்மையாகவே சொல்லிவந்தார்கள். 2019-ல் இரண்டு குழுக்கள் அதே கணக்கை யூகே பயோபேங்க் தரவில், அதாவது பிரிட்டன் என்ற ஒரே நாட்டில் லட்சக்கணக்கானோரிடம் திரட்டிய தரவில், ஓட்டிப் பார்த்தன. அடையாளம் பெரும்பாலும் மறைந்துபோனது. பழைய ஆய்வு பல நாட்டுச் சிறு குழுக்களைச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு எழுத்திலும் கழிக்கப்படாமல் வம்சாவளியின் ஒரு மெல்லிய தூசி தங்கியிருந்தது. ஓர் எழுத்தில் அது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கூட்டும்போது தூசியும் கூடி, மலை மாதிரித் தெரிந்தது. பிழையை வெளியார் யாரும் கண்டுபிடிக்கவில்லை. துறைக்குள் இருப்பவர்களே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. அதோடு ஒரு எச்சரிக்கையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மக்கள்கூட்டங்களின் சராசரியை, இப்படிப் பல எழுத்துகளின் விளைவைக் கூட்டிப் போடும் டிஎன்ஏ மதிப்பெண்ணால் ஒப்பிடும் எந்தக் கட்டுரையையும், அது எவ்வளவு பெரிய இதழில் வந்திருந்தாலும், நான் நிதானமாகத்தான் படிக்கிறேன்.

தோல் நிறத்தின் கதையும் எதிர்பாராத இடத்தில் தொடங்கியது. மீன் தொட்டியில். வரிக்குதிரை மீனில் 'பொன்னிறம்' என்ற வெளிறிய வகை உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை பென்சில்வேனியாவில் கீத் செங் குழு தேடிப் பிடித்து 2005-ல் வெளியிட்டது. எஸ்எல்சி24ஏ5 என்ற அதே மரபணு நமக்கும் உண்டு. அதில் ஓர் எழுத்து மாற்றம் ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. 2013-ல் ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியும் எஸ்டோனிய ஆய்வாளர்களும் சேர்ந்து தெற்காசியாவில் இதைத் தேடினார்கள். இங்கிருக்கும் மாற்றமும் ஐரோப்பாவில் இருப்பதும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. இயற்கைத் தேர்வின் தடயம் வட இந்தியாவில் தெரிந்தது, தென்னிந்தியாவில் தெரியவில்லை. தோல் நிறத்தை இந்த ஒரே மாற்றம் தீர்மானிப்பதும் இல்லை. 2017-ல் எத்தியோப்பியா, தான்சானியா, போட்ஸ்வானா மக்களிடம் செய்த ஆய்வில் எம்எஃப்எஸ்டி12 போன்ற வேறு மரபணுக்களும் வந்து சேர்ந்தன. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே தோல் நிறம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பழகு களிம்பு விற்கும் நாட்டில் இதைச் சொல்லியாக வேண்டும். நிறத்துக்கான எழுத்துகள் நிறத்தைத் தவிர அந்த ஆளைப் பற்றி வேறு எந்த உயர்வு தாழ்வையும் சொல்வதில்லை.

காவல்துறைக்கு வருவோம். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் மான்ஃப்ரெட் கைசர் குழு 2011-ல் ஐரிஸ்ப்ளெக்ஸ் என்ற சோதனையை வெளியிட்டது. ஆறே எழுத்துகளைப் படித்து, கண் நீலமா பழுப்பா என்று சொல்லும். எச்இஆர்சி2 மரபணுவில் உள்ள ஓர் எழுத்தே இதில் பெரும்பங்கு செய்துவிடுவதால் நீலத்துக்கும் பழுப்புக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. நடுநிறக் கண்களில் தடுமாறுகிறது. 2018-க்குள் முடியையும் தோலையும் சேர்த்து 41 இடங்களாக வளர்ந்தது. இதுவரை சரி, எந்த நிறத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் கூடவே சொல்கிறார்கள்.

முகத்தையே வரைந்து தருகிறோம் என்பது வேறு விஷயம். 2017-ல் கிரெய்க் வென்டரின் ஹியூமன் லாஞ்செவிட்டி நிறுவனம் 1,061 பேரின் டிஎன்ஏவிலிருந்து முகம், குரல், உயரம் எல்லாவற்றையும் கணித்து, ஆளை அடையாளம் காண முடியும் என்று எழுதியது. மரபியல் ஆய்வாளர் யானிவ் எர்லிக் உடனே மறுத்தார். வயது, பால், வம்சாவளி மூன்றும் தெரிந்தாலே அந்தச் சிறு கூட்டத்துக்குள் ஆளைப் பொறுக்கிவிடலாம். முகக் கணிப்பு அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை என்று காட்டினார். குச்சியால் சாப்பிடும் மரபணுவின் இன்னொரு உருவம்தான் இது. வெளியே வந்த படம் ஒரு வம்சாவளியின் சராசரி முகம்; அந்த ஆளின் முகம் அதில் இல்லை.

2022 அக்டோபரில் கனடாவின் எட்மன்டன் காவல்துறை, ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் பாராபான் நிறுவனம் டிஎன்ஏவிலிருந்து உருவாக்கிய கறுப்பின ஆணின் படம் ஒன்றை வெளியிட்டது. அந்தப் படம் ஊரிலிருக்கும் எத்தனையோ கறுப்பின இளைஞர்களுக்குப் பொருந்தும் என்று கடும் எதிர்ப்பு வந்தது. இரண்டு நாளில் படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். குற்றத்துக்கு உள்ளான பெண்ணுக்கு நீதி வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் எழுத்துக்கு ஒரு சதவீதம்கூடத் தேறாத கணக்கை முழு முகமாக வரைந்து சுவரில் ஒட்டினால், அதற்கான விலையைக் கொடுப்பது சம்பந்தமே இல்லாத ஒருவர்.

ஐரோப்பியருக்கு வெளியே கணிப்பு இன்னும் தளர்கிறது. உயரத்தின் அந்த 12,111 எழுத்துகள் மற்ற வம்சாவளியினரிடம் 10 முதல் 20 சதவீதம் வரைதான் விளக்கின. 54 லட்சம் பேரில் முக்கால்வாசி ஐரோப்பிய வம்சாவளி என்பதுதான் முக்கியக் காரணம். தேடாத இடத்தில் இருப்பது கிடைக்காது. 2020-ல் லிமா நகரில் 3,134 பேரை மட்டும் பார்த்தபோது, எஃப்பிஎன்1 மரபணுவில் ஒரு பிரதிக்கு 2.2 சென்டிமீட்டர் உயரம் குறைக்கும் எழுத்து மாற்றம் ஒன்று கிடைத்தது. ஐரோப்பியரிடம் அது கிட்டத்தட்ட இல்லை. எனவே லட்சக்கணக்கான ஐரோப்பியரை அளந்தும் அது கண்ணில் படவில்லை.

நம் பக்கம்? 2015-ல் முடிந்த ஆயிரம் மரபணுத் தொகுப்புத் திட்டத்தில் 26 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். சிப் படிக்காமல் விட்ட எழுத்துகளை ஊகித்து நிரப்ப உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்தத் தரவைத்தான் எடுத்து ஓட்டுகிறார்கள். ஜீனோம் இந்தியா திட்டமும் சுமார் 10,000 பேரின் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் ஆயிரம் மரபணுத் தொகுப்புத் திட்டம், டிஎன்ஏ கொடுத்தவர்களின் உடல் அளவு எதையும் சேகரிக்கவில்லை. எந்த நாட்டு ஆய்வகத்திலும் இன்று அந்தத் தமிழர்களின் எழுத்துகளைத் தரவிறக்கி வரி வரியாகப் படிக்கலாம். அவர்கள் எவ்வளவு உயரம், மூக்கு எப்படி, காது மடல் ஒட்டியதா தொங்கியதா என்று எங்கும் குறிப்பு இல்லை.